ஆளில்லா அறையில் எரியும் விளக்கு

வேலூரைப் பற்றி முதியோர் சொல்லும் பழைய வழக்கு ஒன்று உண்டு. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று அவ்வூரில் இல்லாதவற்றை அடுக்கிக்கொண்டே போவார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் 1981-ஆம் ஆண்டு மீண்டும் வழிபாடு தொடங்கியபோது, அவ்வழக்கில் ஒரு பகுதி பொய்யாயிற்று. மற்றவை பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. பெருமழை பெய்யும் சில நாள்கள் நீங்கலாகப் பாலாறு மணலாகவே காட்சி தருகிறது. திப்பு சுல்தான் 1799-இல் ஷஹீதான பின் அவர்தம் குடும்பத்தார் காவலில் வைக்கப்பட்டிருந்த கோட்டையும், 1806 ஜூலை 10-ஆம் நாள் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த கோட்டையும் இதுவே. இன்று அங்கே அரசனும் இல்லை. சிறையுண்ட அரச குடும்பமும் இல்லை.

இந்தப் பட்டியலில் நம் காலத்துக்கென்று ஒன்றைச் சேர்க்கலாம் எனத் தோன்றுகிறது. அது ஆளில்லா அறையில் எரியும் விளக்கு. வேலூருக்கு மட்டுமே உரியதன்று அது. நம் ஊர்கள் அனைத்துக்கும் பொதுவானது. ஆயினும் அதைப் பற்றிச் சிந்திக்க வேலூரின் லாங் பஜாரைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை.

பஜாரின் சிக்கனம்

கோட்டையின் அகழியை விட்டு நகருக்குள் நடந்தால் சிறிது நேரத்தில் லாங் பஜாரை அடைந்துவிடலாம். பெயருக்கேற்ற நீண்ட கடைத்தெரு. நேதாஜி மார்க்கெட்டும் மண்டித் தெருவும் அதனோடு கைகோத்து நிற்கின்றன. மளிகை மூட்டைகள் ஒருபுறம், பழக்கூடைகள் ஒருபுறம். நடுவே தள்ளுவண்டிகளும் இரு சக்கர வாகனங்களும் மக்களும். ரமளான் நெருங்கினால் பேரீச்சம்பழம் குவியும். பெருநாள் நெருங்கினால் தெருவில் கால் வைக்க இடமிராது. பேர்ணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம் எனச் சுற்றுப்புற ஊர்களிலிருந்தெல்லாம் சரக்கெடுக்க வருவோர் இங்கே உண்டு. தமிழும் உருதுவும் தெலுங்கும் ஒரே கல்லாவில் மாறி மாறி ஒலிக்கும்.

இந்த நெரிசலிடையே சற்று நின்று, கடைகளின் உட்புறத்தைக் கவனித்தல் வேண்டும். கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியின் தலைக்கு மேல் ஒரு விசிறி சுழல்கிறது. கடையின் பின்கட்டில் இருக்கும் கிடங்கு இருண்டு கிடக்கிறது. சீரக மூட்டை எடுக்கப் போகும் பையன் விளக்கைப் போடுகிறான். மூட்டையைத் தோளில் ஏற்றியதும் அணைத்துவிட்டு வருகிறான். மறந்துவிட்டால், முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "லைட்டை யாருப்பா நிறுத்துறது?" என்று குரல் கொடுக்கிறார். பையன் திரும்பி ஓடுகிறான். இந்தக் கடைக்கு எந்தத் தானியங்கிக் கருவியும் தேவையில்லை. கட்டணம் செலுத்துகிறவரின் கண்ணே அங்கு கருவியாக இருக்கிறது.

இனி அந்தக் கடைக்கு மேலே உள்ள மாடிக்கு ஏறிச் செல்லுங்கள். மாடிப்படி நான்கு வாடகைதாரர்களுக்குப் பொது. பட்டப்பகலில் அங்கே விளக்கு எரிகிறது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அணைக்க வேண்டியது யார் என்பதும் யாருக்கும் தெரியாது. பொதுக் கழிப்பறையிலும் அதே நிலை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகள் தங்குவதற்கென நகரின் நடுப்பகுதியில் ஏராளமான லாட்ஜுகள் உள்ளன. அவற்றின் நீண்ட நடைவழிகளைப் பின்னிரவில் பார்த்தால், ஓர் ஆள்கூட நடமாடாத இடத்தில் விளக்குகள் வரிசையாக விழித்திருக்கும்.

கீழே சிக்கனம், மேலே விரயம். இருவேறு மக்கள் அல்லர். அதே தெருவின் அதே மனிதர்கள்தாம். தனக்கென்று உரிமை உள்ள இடத்தில் கண்ணுங் கருத்துமாக இருப்பவர், எல்லோருக்கும் உரிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் அசைவுணர் கருவியின் கதையே இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது.

வெண்ணிறக் குமிழ்

பஜாரை ஒட்டிய தெருக்களின் மின்சாதனக் கடைகளில் 'மோஷன் சென்சார்' என்று கேட்டால், உள்ளங்கையில் அடங்கும் வெண்ணிறக் குமிழ் ஒன்றை எடுத்து வைப்பார்கள். இதே அமைப்பை உள்ளடக்கிய பல்புகளும் கிடைக்கின்றன. ஆள் வந்தால் விளக்கு எரியும். ஆள் போனபின் குறித்த நேரம் கழித்து அணையும். அவ்வளவே அதன் வேலை. ஆனால் அது எதைப் பார்க்கிறது என்பதை அறிந்தவர் சிலரே.

அக்குமிழ் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. படம் பிடிப்பதும் இல்லை. நம் உடலின் வெப்பத்தை மட்டுமே அது உணர்கிறது. வெப்பமுள்ள பொருள்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகின்றன. இக்கதிரை 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் கண்டறிந்தார். மனித உடல் வெளியிடும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. குமிழின் உள்ளே இருக்கும் சிறு படிகத் தகடு அந்த வெப்பம் மாறும்போது மிக நுண்ணிய மின்துடிப்பைத் தருகிறது.

வெளியே தெரியும் வரிவரியான வெள்ளை மூடியும் வெறும் மூடியன்று. பிரான்சு நாட்டு அறிஞர் ஃபிரெனெல் 1820-களில் கலங்கரை விளக்கங்களுக்கென வடிவமைத்த வில்லையின் வழித்தோன்றல் அது. கலங்கரை விளக்கத்தில் அவ்வில்லை ஒரு சுடரின் ஒளியைக் கடலுக்கு அனுப்பியது. இங்கோ அது அறையைப் பல விரல்களாகப் பிரித்து, ஒவ்வொரு விரலின் வெப்பத்தையும் படிகத்தின் மீது குவிக்கிறது. ஒருவர் ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்குக் கடந்து போகும்போது வெப்பம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தையே கருவி 'ஆள்' என்று கொள்கிறது.

எனவே, இக்கருவி ஆளை அறிவதில்லை. அசைவை மட்டுமே அறிகிறது. இதை மறந்து பொருத்தியவர்கள் பிறகு கருவியைக் குறை கூறுகிறார்கள். அசையாமல் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும் மாணவன் அதற்கு இல்லாதவனே. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்பவரையும் அது காணாது. நம் உடலின் வெப்பக் கதிரைச் சாளரக் கண்ணாடி ஊடுருவ விடுவதில்லை.

வேறு வகைகளும் உண்டு. வௌவாலைப் போல, செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்பது ஒருவகை. நுண்ணலையை அனுப்பித் திரும்ப வாங்குவது மற்றொரு வகை. இவை சிறு அசைவையும் உணரும். ஆனால் நம் ஊர்க் கூடங்களில் சுழலும் மின்விசிறியையும் ஆடும் திரைச்சீலையையும்கூட இவை ஆளென்று எண்ணிவிடக்கூடும். விசிறியை அணைக்க வைத்த கருவி, விசிறியின் அசைவையே கண்டு அதை ஓடவிட்டுக்கொண்டிருந்தால் என்ன பயன்?

வேலூர் வெயிலின் தேர்வு

வெப்பத்தை உணரும் கருவிக்கு வேலூர் ஒரு கடுமையான தேர்வுக் கூடம். உடலின் வெப்பமும் பின்னணிச் சுவரின் வெப்பமும் வேறுபட்டால்தான் அதற்கு ஆள் தெரியும். தமிழகத்திலேயே மிகுந்த வெப்பம் பதிவாகும் ஊர்களில் வேலூரும் ஒன்று; கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கு வழக்கம். மே மாதப் பிற்பகலில், வெயிலில் காய்ந்த சுவரின் வெப்பம் நம் தோலின் வெப்பத்தை நெருங்கிவிடுகிறது. அவ்வேளையில் கருவியின் பார்வை மங்கும். மற்ற காலத்தில் 6 மீட்டர் தொலைவில் ஆளைக் கண்டது, அப்போது அருகில் வந்தால்தான் காணும்.

ஆகவே ஜனவரியின் குளிர்ந்த காலையில் பொருத்திப் பார்த்து, 'நன்றாக வேலை செய்கிறது' என்று பணம் கொடுத்து அனுப்புதல் கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் லுஹர் வேளையில் சோதித்துப் பார்த்தல் வேண்டும். வெப்பத்துக்கேற்பத் தன் கூர்மையைத் தானே திருத்திக்கொள்ளும் கருவிகளும் விற்கின்றன. வாங்கும்போது கேட்டு வாங்குதல் நலம். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது நிலைப்படுவதற்கு ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பள்ளிவாசலின் கணக்கு

இக்கருவியை நம் மக்கள் எங்கெல்லாம் எண்ணிப் பார்க்கலாம் என்று நோக்கினால் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிவாசலே. அலுவலகம் காலையில் நிறைந்து மாலையில் காலியாகும். மருத்துவமனை எப்போதும் நிறைந்திருக்கும். பள்ளிவாசலோ நாளுக்கு ஐந்து முறை நிறைந்து ஐந்து முறை காலியாகிறது. வெள்ளியன்று ஜும்ஆவுக்கு வெளித்திண்ணை வரை மக்கள் நிரம்பி வழிவார்கள். செவ்வாயன்று அஸருக்கு முதல் இரண்டு ஸஃபுகளே நிறையும். ஆயினும் இரண்டு வேளைகளிலும் விசிறிகள் அத்தனையும் சுழல்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடமொன்றில் 40 மின்விசிறிகள் இருப்பதாகக் கொள்வோம். பழைய வகை விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். நாற்பதும் சேர்ந்தால் 3 கிலோவாட். அதாவது மணிக்கு 3 யூனிட். லுஹர், அஸர், மஃரிபு ஆகிய மூன்று வேளைகளிலும் ஜமாஅத் முடிந்த பின் பிந்தி வருகிற இரண்டொருவருக்காக ஒவ்வொரு மணி நேரம் எல்லாம் ஓடுமாயின், நாளுக்கு 9 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 540 யூனிட். அந்தப் பிந்தி வருபவர்களுக்காக முன்வரிசை விசிறிகள் 8 மட்டும் ஓடியிருந்தால் 108 யூனிட்டே ஆகியிருக்கும். மீதி 432 யூனிட் வெறுந்தரைக்கு வீசிய காற்று.

இவ்விடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தச் சேமிப்பின் பெரும்பகுதிக்குக் கருவியே தேவையில்லை. ஸஃப் வாரியாக மின்கம்பியைப் பிரித்து, இரண்டு ஸஃபுக்கு ஒரு சுவிட்சு என்று அமைத்தாலே போதும். பல பள்ளிவாசல்களில் கூடத்தின் நீளவாக்கில் கம்பி ஓடுவதால், ஒரு சுவிட்சைப் போட்டால் முன்னிருந்து பின் வரை ஒரு வரிசை முழுதும் சுழல்கிறது. கம்பியை அகலவாக்கில் இழுத்திருந்தால் ஆளிருக்கும் ஸஃபுக்கு மட்டும் காற்று கிடைத்திருக்கும். புதிதாகப் பள்ளி கட்டும் ஜமாஅத்தார் இதை மின்பணியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் செலவு ஏதும் கூடாது. சென்சார் அதற்குப் பின் வர வேண்டியது.

அது வந்தாலும் தொழுகைக் கூடத்தின் இயல்பறிந்து வர வேண்டும். ருகூவும் ஸுஜூதும் பெரிய அசைவுகள். அவற்றைக் கருவி எளிதில் உணரும். ஆனால் தஸ்பீஹுடன் அமர்ந்திருக்கும் பெரியவரை அது உணராது. ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்து, நள்ளிரவில் தூண் ஓரமாகக் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பவரின் தலைக்கு மேல் விளக்கும் விசிறியும் திடீரென நின்றுவிட்டால், அதற்குச் சிக்கனம் என்று பெயரிட முடியாது. ஆகவே கூடத்தில் கையால் போட்டு, கருவியால் அணையும் முறையே சிறந்தது. அணைவதற்கான நேரத்தை 15 அல்லது 20 நிமிடமாக நீட்டி வைத்தல் வேண்டும். கருவியை மீறி ஓடவிடும் சுவிட்சு ஒன்று மோதினாரின் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

ஒளு செய்யும் இடம், கழிப்பறைகள், செருப்பு வைக்கும் இடம், மாடிப்படி, பெண்கள் தொழும் பகுதிக்குச் செல்லும் நடைவழி ஆகியவையே இக்கருவிக்கு உகந்த இடங்கள். அங்கெல்லாம் மனிதர் வருவதும் போவதுமாக இருப்பார்களேயன்றி அசையாமல் அமர்ந்திருக்க மாட்டார்கள்.

எண்ணெயின் அளவு

மின்சாரத்துக்கு முந்திய காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலில் விளக்கெரிக்கும் எண்ணெய்க்கென்றே நிலத்தையும் தோப்பையும் வக்ஃபு செய்த நல்லோர் பல நாடுகளிலும் வாழ்ந்திருக்கிறார்கள். எண்ணெய் அளந்து ஊற்றப்பட்டது. ஊற்றிய அளவு தீர்ந்தால் சுடர் தானே அடங்கியது. வீணாக எரிந்தால் காலையில் வற்றிய அகல் அதைக் காட்டிக் கொடுத்தது. இரவில் உறங்குமுன் விளக்குகளை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. தீயினால் நேரும் ஆபத்தே அங்கு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆளின் கண் படாத சுடரை நம்பி விடக்கூடாது என்னும் படிப்பினை அதில் இருக்கிறது.

மின்விளக்கு வந்தபின் அகலும் போயிற்று, அளவும் போயிற்று. விரயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு தொகையாக அது வருகிறது. எந்த விளக்கு, எந்த இரவு என்று அத்தொகை சொல்வதில்லை. வழிபாட்டுத் தலங்களுக்குத் தமிழ்நாட்டில் தனிக் கட்டண வகை இருப்பினும், அதைச் செலுத்துவது வெள்ளிக்கிழமை உண்டியலில் விழும் காசுதான். லாங் பஜாரில் மூட்டை சுமப்பவர் போட்ட பத்து ரூபாயும் அதில் இருக்கிறது. முத்தவல்லியின் கையில் அது அமானத். அதை ஆளில்லா மூலையின் விசிறிக்குச் செலவிடுவதற்கு முன் ஒருமுறை தயங்குதல் முறையாகும்.

தோல் வட்டாரம் கற்ற பாடம்

விரயத்தின் கட்டணம் பிந்தி வரும் என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றின் கரை நெடுகத் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வும் வளமும் தந்து, கல்விக்கூடங்களை எழுப்பிய தொழில் அது. ஆனால் கழிவுநீர் மண்ணிலும் ஆற்றிலும் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைத் தர வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்றச் செய்தது.

அதன் பின் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தூய்மையாக்கி, உப்பையும் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. சவ்வின் வழியே நீரை அழுத்தும் பம்புகளும் எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கும் எந்திரங்களும் ஏராளமான எரிசக்தியை விழுங்குகின்றன. ஒரு காலத்தில் விலையின்றிக் கிடைத்த ஆற்றுநீரின் தூய்மையை இன்று யூனிட் கணக்கில் வாங்குகிறோம். நீரும் மின்சாரமும் ஒரே கணக்கேட்டின் இரண்டு பக்கங்களாகிவிட்டன. 2012-இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது டீசல் எந்திரங்களின் இரைச்சலிடையே தொழில் நடத்தியவர்கள் ஒரு யூனிட்டின் அருமையை நன்கறிவார்கள்.

தொழிற்சாலைகளில் அசைவுணர் கருவி முன்பே ஏன் பரவவில்லை என்று கேட்கலாம். உயரமான கூரைக்கொட்டகைகளில் முன்னர்த் தொங்கிய மெட்டல் ஹாலைடு விளக்குகளை ஒருமுறை அணைத்தால், குளிர்ந்து மீண்டும் முழு ஒளி பெறப் பல நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றை எரியவிட்டார்கள். குழல்விளக்குகளோ அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுள் குறைந்தன. எல்.இ.டி. விளக்கு வந்து இவ்விரு தடைகளையும் நீக்கிற்று. அது நொடியில் எரியும், நொடியில் அணையும், எத்தனை முறை அணைத்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. சென்சார் பயன்பட வழி திறந்தது அதனால்தான்.

முடிந்த தோலை அடுக்கி வைக்கும் கிடங்கு, அட்டைப்பெட்டிகள் நிற்கும் அறை, நடைவழி, கழிப்பறை ஆகியவற்றில் இதைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் சுழலும் டிரம், தோல் சீவும் எந்திரம், காலணி வெட்டும் அச்சு ஆகியவற்றுக்கு மேலுள்ள விளக்கை ஒருபோதும் இக்கருவியின் கையில் ஒப்படைத்தல் கூடாது. எந்திரத்தின் முன் கைகளை மட்டும் அசைத்து நிற்கும் பெண்ணைக் கருவி காணாமல் விளக்கை அணைத்தால், சேமித்த யூனிட்டுக்கு விரல் விலையாகிவிடும்.

நாடும் உலகும்

நம் நாட்டில் எரிசக்திச் சிக்கனச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. அதன் வழியில் பெரிய வணிகக் கட்டிடங்களுக்கென விதித்தொகுப்பு ஒன்று 2007-இல் வெளியாயிற்று. சிறிய அலுவலக அறைகள், கூட்ட அறைகள், பள்ளி வகுப்பறைகள், பொருள் வைக்கும் அறைகள் ஆகியவற்றில் ஆளிருப்பை உணரும் கருவி வேண்டும் என அது கூறிற்று. 2017-இல் அவ்விதிகள் திருத்தி எழுதப்பெற்றன. மாநிலங்கள் ஏற்று அறிவித்தால்தான் அவை கட்டாயமாகும். அதற்கு முன்பே, ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் பசுமை வணிக மையத்தை 2004 ஜூலை 14-ஆம் நாள் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திறந்து வைத்தார். அமெரிக்காவின் பசுமைக் கட்டிடத் தர வரிசையில் உயரிய பிளாட்டினம் தரத்தை அந்நாட்டுக்கு வெளியே முதன்முதலில் பெற்றதாகப் பெயர் பெற்ற கட்டிடம் அது. வட்டமான நடுமுற்றத்தின் வழியே பகலொளியை உள்ளே கொணர்ந்தது அதன் சிறப்புகளுள் ஒன்று. முற்றம் வைத்துக் கட்டிய நம் பாட்டனார் வீடுகளுக்கு அது புதுமையன்று.

முஸ்லிம் உலகிலும் இவ்வுணர்வு பரவி வருகிறது. சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரிலுள்ள மன்னர் ஃபஹ்து பல்கலைக்கழகத்தார், விட்டுவிட்டு மக்கள் நிறையும் கட்டிடம் என்ற வகையில் பள்ளிவாசல்களின் மின் செலவை அளந்து ஆய்ந்திருக்கிறார்கள். கூடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, தேவைப்படும் பகுதியை மட்டும் தேவைப்படும் நேரத்தில் குளிரூட்ட வேண்டும் என்பது அவர்களது ஆய்வுகள் வற்புறுத்தும் செய்தி. மொராக்கோ அரசு 2010-களில் பசுமைப் பள்ளிவாசல் திட்டத்தைத் தொடங்கி, எல்.இ.டி. விளக்குகளையும் சூரியத் தகடுகளையும் பொருத்தியது. 1978-இல் திறக்கப்பெற்ற ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல், புதுப்பிக்கப்பட்ட பின் 2022-இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதி நிறுவனத்தின் பசுமைக் கட்டிடச் சான்றைப் பெற்றது. வழிபாட்டுத் தலங்களில் அச்சான்றைப் பெற்ற முதலாவது அதுவே.

வீட்டுக்கு வேண்டுமா?

இதைப் படிக்கும் தாய்மார்கள், "நம் வீட்டுக்கும் இது தேவையா?" என்று கேட்கக்கூடும். அதற்கும் கணக்கே விடை தரும். சென்சார் தானும் இரவு பகலாகச் சிறிது மின்சாரம் உண்ணும். அரை வாட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.4 யூனிட். சிக்கனமான இல்லத்தில் கழிப்பறையின் 9 வாட் பல்பு நாளுக்கு அரை மணி நேரம் வீணாக எரிகிறது என்றால், ஆண்டுக்கு 1.6 யூனிட்டே வீண். அதைத் தடுக்க அதைவிட மிகுதியாக உண்ணும் காவலாளியை நியமிப்பது அறிவுடைமையன்று. அதே பல்பு பொது மாடிப்படியில் நாளுக்கு 20 மணி நேரம் வீணாக எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 66 யூனிட் போகும். அங்கே கருவி தன் கூலியைப் பன்மடங்காகத் திருப்பித் தந்துவிடும்.

ஆயினும் வீட்டில் ஓரிடத்தில் இதை வைக்கலாம். ஸஹர் நேரத்தில் இருட்டில் எழுந்து சமையலறைக்கோ ஒளு செய்யவோ செல்லும் வயது முதிர்ந்தோர், சுவிட்சைத் தடவித் தேடிக் கால் இடறி விழுவதுண்டு. அவர்கள் நடக்கும் வழியில் சிறு சென்சார் விளக்கொன்று தானே எரியுமாயின், யூனிட் கணக்கில் வராத நன்மை அது. லாட்ஜு நடைவழியிலும் இதே கருத்து பொருந்தும். நோயாளி அடியெடுத்து வைத்த பின் வெளிச்சம் வரக்கூடாது. ஆளில்லாதபோது மங்கலாகவும், ஆள் வரும்போது முழுதாகவும் எரிவதே அங்கு முறை.

மாலை மங்கி மஃரிபு பாங்கு ஒலிக்கையில் லாங் பஜாரின் கடைகள் ஒவ்வொன்றாக விளக்கேற்றும். இரவு கடை சாத்தும்போது ஒவ்வொரு முதலாளியும் பலகைக்கு அருகில் நின்று உள்ளே ஒருமுறை நோக்குகிறார். கல்லாப் பூட்டு, தராசு, பின்கட்டு விளக்கு என்று அவர் கண் வரிசையாகப் போய் வருகிறது. எல்லாம் சரியென்று கண்ட பிறகே ஷட்டர் இறங்குகிறது. அந்த ஒரு நோக்கு பொது இடங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே நம் குறை. அதைத் தர ஆளிருந்தால் கருவி வேண்டாம்; ஆளில்லாத இடத்தில் கருவியை வைப்பதில் பிழையும் இல்லை.

ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த முறை மின்கட்டண அட்டை வரும்போது, இஷாவுக்குப் பின் ஒருநாள் பள்ளியைச் சுற்றி வந்து பார்ப்பார்களாக. எந்த விளக்கு யாருக்காக எரிகிறது, எந்த விசிறி எந்த ஸஃபுக்காகச் சுழல்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைப்பார்களாக. முதலில் கம்பியைப் பிரிக்கட்டும். பிறகு பழைய விசிறியை மாற்றட்டும். அதன் பின்னும் யாருடைய பொறுப்பிலும் சேராத மூலைகள் எஞ்சினால், அந்த வெண்ணிறக் குமிழை வாங்கி வைக்கட்டும். மிஞ்சும் தொகை ஓர் ஏழை மாணவனின் பாடநூலுக்கு ஆகும். இன்ஷா அல்லாஹ், அவன் படிக்கும் அறையில் விளக்கு வீணின்றி எரியும்.